காவோசியுங்கிலிருந்து பதில்கள்: துறைமுகம், ஸ்க்ரூ, குப்பை வண்டி

தைவானின் தெற்கே காவோசியுங் நகரத்தில் 11 வருடமாக இருக்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி. முனைவர் படிப்புக்கு வந்தவன், படிப்பு முடிந்ததும் ஸ்க்ரூ செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஊரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இவ்வளவு கேள்வி வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டு, மற்றதை வந்த வரிசையிலேயே போடுகிறேன்.

கேள்வி (மதுரை): தைவான் என்றால் தாய்பே மட்டும்தான் கேள்விப்பட்டிருக்கிறேன். காவோசியுங் எங்கே இருக்கிறது? பெரிய ஊரா?

தீவின் தென்மேற்குக் கடற்கரை. தாய்பேயிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். கடைசி நிலையத்தின் பெயர் ட்சோயிங். 2007இல் இந்த ரயில் வந்த பிறகுதான் வடக்குக்காரர்கள் இந்த ஊரை எட்டிப் பார்க்கவே ஆரம்பித்தார்கள் என்று இங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள்.

சுமார் 27 லட்சம் பேர். 2010 கடைசியில் நகரத்தையும் அதைச் சுற்றியிருந்த மாவட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டதால், வரைபடத்தில் ஊர் எல்லை 3,000 மீட்டருக்கு மேலான மலைச் சிகரங்கள் வரை போகிறது. ஆனால் ஜனங்கள் வாழ்வது கடலோரத்துச் சமவெளியில்தான். துறைமுகம், எஃகு ஆலை, பெட்ரோ கெமிக்கல், கப்பல் கட்டும் தளம், ஸ்க்ரூ பட்டறைகள், இப்போது சிப் தொழிற்சாலை, எல்லாம் அந்தப் பட்டையிலேயே நெருக்கியடித்து நிற்கின்றன. கொல்கத்தாவும் இதுவும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை. கோடையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தூத்துக்குடிக்காரனுக்கு அது பழகியதுதான்.

கேள்வி (சேலம், கல்லூரி மாணவர்): ஊரின் பழைய பெயருக்கு "நாயை அடி" என்று அர்த்தம் என்று எங்கோ படித்தேன். உண்மையா அண்ணா?

பாதி உண்மை தம்பி. இங்கே முன்பு இருந்த பழங்குடி மக்கள் இந்த இடத்தைத் "தாக்காவ்" என்றார்கள். மூங்கில் புதர் என்று பொருள் சொல்வார்கள். சீனாவிலிருந்து வந்து குடியேறியவர்கள் அந்த ஒலிக்கு இரண்டு எழுத்தைப் பிடித்துப் போட்டார்கள். அவற்றைச் சேர்த்துப் படித்தால்தான் "நாயை அடி". 1920இல் ஜப்பானிய ஆட்சிக்காரர்களுக்கு இது அசிங்கமாகப் பட்டது. ஜப்பானிய மொழியில் "தகாவோ" என்று ஒலிக்கும் வேறு இரண்டு எழுத்தை வைத்தார்கள். ஜப்பானியர்கள் போனதும் அதே எழுத்துகளைச் சீன உச்சரிப்பில் படித்தார்கள், காவோசியுங் வந்தது. எழுத்து ஒருவருடையது, ஒலி இன்னொருவருடையது. தூத்துக்குடியை டூட்டிகொரின் ஆக்கிய கதைக்கு இது எவ்வளவோ தேவலை.

கேள்வி (கோவை, கணபதி, லேத் பட்டறை வைத்திருப்பவர்): நீங்கள் ஸ்க்ரூ கம்பெனி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். தைவான் போல்ட் நட்டு உலகம் முழுக்க போகிறதே, எப்படி முடிகிறது? இயந்திரம் அப்படிப்பட்டதா, ஆள் அப்படிப்பட்டவர்களா?

சார், இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

நகரின் வடக்கே கங்ஷான் என்று ஒரு பகுதி. அதைச் சுற்றி லுஜூ, யென்சாவ் என்று இன்னும் சில. இங்கே மெயின் ரோட்டை விட்டு இறங்கினால் நெல் வயல், மீன் குட்டை, நடுவில் தகரக் கூரை போட்ட பட்டறை, பக்கத்தில் சாமி கோயில். அந்தப் பட்டறைகளில் பாதிக்கு மேல் ஸ்க்ரூ, போல்ட், நட்டு சம்பந்தப்பட்டவை. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய கம்பெனி இல்லை. அண்ணன், தம்பி, மருமகள், பத்துப் பதினைந்து வியட்நாம் தொழிலாளர்கள், அவ்வளவுதான்.

ரகசியம் என்னவென்றால் வேலையைப் பிரித்துக்கொள்வது. எஃகு ஆலையிலிருந்து கம்பிச் சுருள் வருகிறது. ஒருவர் அதை அமிலத் தொட்டியில் முக்கித் துரு எடுப்பார், சூளையில் போட்டு மிருதுவாக்குவார், அளவுக்கு இழுத்துக் கொடுப்பார். அடுத்தவர் அதை வெட்டி, குளிர்ந்த நிலையிலேயே அடித்துத் தலை உண்டாக்குவார். அப்புறம் இரண்டு அச்சுக்கு நடுவே உருட்டி மரை போடுவது. நம் லேத்தில் வெட்டுகிற மாதிரி வெட்டுவதில்லை, அதனால் சீவல் கழிவே கிடையாது. சூடாக்கிக் கெட்டிப்படுத்தும் ஹீட் ட்ரீட்மெண்டுக்கு இன்னொருவர், மேல்பூச்சுக் கொடுக்கும் பிளேட்டிங்குக்கு இன்னொருவர், எண்ணிப் பெட்டியில் அடைப்பதற்குக்கூடத் தனி ஆள். இவ்வளவு பேரும் அரை மணி நேர லாரி ஓட்டத்துக்குள் இருக்கிறார்கள். காலையில் ஒரு அளவு தப்பாக வந்தால் மதியத்துக்குள் அச்சு செய்பவரே நேரில் வந்து நிற்பார்.

கம்பி தரும் எஃகு ஆலை 1971இல் தொடங்கியது, சைனா ஸ்டீல். ஊரின் தெற்கு முனையில் சியாவ்காங்கில் இருக்கிறது. ஆலை, பட்டறை, துறைமுகம் மூன்றும் ஒரே ஊரில் இருந்தால் லாரி வாடகை எவ்வளவு மிச்சம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இயந்திரமும் பெரும்பாலும் இங்கேயே செய்ததுதான். ஆனால் எல்லாம் பொற்காலம் என்று நினைத்துவிடாதீர்கள். இவர்களுக்குப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்கா. எஃகுக்கும் எஃகுப் பொருள்களுக்கும் 2025இல் அங்கே இறக்குமதி வரியை 50 சதவீதம் ஆக்கியதும், எங்கள் வீதியிலேயே இரவு ஷிப்டு விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. பிள்ளைகளும் பட்டறைக்கு வருவதில்லை. எண்ணெய் நாற்றம் வேண்டாம், சிப் கம்பெனியின் வெள்ளை அங்கி போதும் என்கிறார்கள்.

கேள்வி (திருப்பூர்): ஏற்றுமதிக்கென்றே தனி மண்டலம் வைக்கும் யோசனை ஆசியாவில் முதலில் அங்கேதான் வந்ததாமே?

அந்தப் பெருமை நம் குஜராத்தின் கண்ட்லாவுக்கு. அது 1965, காவோசியுங் 1966. ஆனால் யார் முதலில் வந்தார் என்பதைவிட யார் அதை ஓட வைத்தார் என்று பார்த்தால் காவோசியுங்தான். துறைமுகத்தைத் தோண்டிய மண்ணைக் கொட்டி மேடாக்கிய நிலத்தில் வேலி போட்டு, சுங்க வரி இல்லை, மூலப்பொருளைக் கொண்டுவா, செய், கப்பலில் ஏற்று என்றார்கள். ரேடியோ பாகம், உடுப்பு, டிரான்சிஸ்டர். வேலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் கல்யாணமாகாத பெண்கள். திருப்பூர்க்காரரான உங்களுக்கு அந்தக் காட்சி கண்முன் வரும். காலையில் வாசலில் சைக்கிள் கூட்டம், தலையில் துணி, கையில் சோற்று டப்பா.

உலகமே இந்த மண்டலத்தை மாதிரி என்று வந்து பார்த்துப் போனது. எல்லோரும் விட்டுவிடுகிற ஒரு தேதியை மட்டும் சொல்கிறேன். 1973 செப்டம்பர் 3. துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் சீஜின் என்று ஒரு நீளத் தீவு. அங்கிருந்து வேலைக்கு வரும் பெண்கள் படகில்தான் வருவார்கள். அன்று காலை அளவுக்கு மேல் ஆளேற்றிய படகு மூழ்கியது. இறந்த 25 பேரும் கல்யாணமாகாத பெண்கள். சிலருக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. தாமதமாக வந்தால் சம்பளப் பிடித்தம் உண்டு என்பதால் அடுத்த படகுக்கு யாரும் காத்திருப்பதில்லை.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணுக்கு இங்கே பிறந்த வீட்டு மூதாதையர் மாடத்தில் இடமில்லை. அதனால் 25 பேரையும் ஒன்றாகப் புதைத்தார்கள். பல காலம் அந்த இடத்துக்கு "25 கன்னியர் சமாதி" என்று பெயர். ராத்திரி அந்தப் பக்கம் போனால் வண்டி நின்றுவிடும் என்று பேய்க் கதையும் சேர்ந்துகொண்டது. பெண்ணிய அமைப்புகள் விடவில்லை. இவர்கள் பேயில்லை, வேலைக்குப் போகும் வழியில் இறந்த தொழிலாளிகள் என்று தொடர்ந்து பேசி, 2008இல் அதை உழைக்கும் பெண்கள் நினைவுப் பூங்காவாக மாற்ற வைத்தார்கள். சீஜினுக்குக் கடல் உணவு சாப்பிட வருகிறவர்களில் பத்துக்கு ஒருவர்கூட அங்கே போவதில்லை. நான் ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் அங்கே கூட்டிப்போகிறேன். மனைவி திட்டுவாள்.

அப்புறம், அதே காலத்தில் "வரவேற்பறையே தொழிற்சாலை" என்று அரசாங்கமே ஒரு கோஷத்தைக் கிளப்பியது. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே பிளாஸ்டிக் பூ கட்டு, பொம்மைக்குக் கண் ஒட்டு. கீழே பட்டறை, மேலே வீடு என்று இந்த ஊர் இருப்பதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

கேள்வி (தூத்துக்குடி): அண்ணே, நம்ம ஊர்க்காரரே! குஜராத்தில் கப்பல் உடைக்கிறார்களே, அந்தத் தொழில் காவோசியுங்கிலிருந்து போனது என்று துறைமுகத்தில் ஒரு பெரியவர் சொன்னார். நிஜமா?

நிஜம்தான். 1970களிலும் 80களிலும் உலகத்திலேயே அதிகக் கப்பல் உடைத்த இடம் இதுதான். உடைத்த இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்தார்கள். 1986இல் ஒரு எண்ணெய்க் கப்பலை உடைக்கும்போது வெடித்துப் பலர் இறந்தார்கள். துறைமுகத்துக்கும் இடம் வேண்டும், கூலியும் ஏறிவிட்டது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் தொழில் மூட்டை கட்டிக்கொண்டு குஜராத்தின் ஆலங், வங்கதேசத்தின் சிட்டகாங் பக்கம் போய்விட்டது. இப்போது அந்தக் கரையில் கண்டெய்னர் கிரேன்கள்.

கண்டெய்னரிலும் அப்படித்தான். 1990களில் ஹாங்காங், சிங்கப்பூருக்கு அடுத்து உலகில் மூன்றாமிடம் காவோசியுங்குக்கு. சீனத் துறைமுகங்கள் எழுந்ததும் இறங்கியது, இன்று முதல் பத்தில் இல்லை. பழைய துறைமுக ஆட்களிடம் பீர் ஒன்று வாங்கிக்கொடுத்தால் அந்த மூன்றாமிடத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள்.

கேள்வி (சென்னை, ஒரு சகோதரி): கணவருக்கு அங்கே மாற்றல். ஆறு வயதுக் குழந்தை இருக்கிறது. காற்று மோசம், குழாய் வெடித்தது என்றெல்லாம் படித்துப் பயந்துபோயிருக்கிறேன். மறைக்காமல் சொல்லுங்கள் அண்ணா.

மறைக்கவில்லை அம்மா.

காற்று: கோடையில் கடல் காற்று அடிக்கிறது, பரவாயில்லை. நவம்பர் முதல் மார்ச் வரைதான் பிரச்சினை. வடகிழக்குக் காற்றை நடுவிலுள்ள மலைத்தொடர் மறைத்துவிடுகிறது, இந்தப் பக்கம் காற்று அசையாமல் நின்றுவிடும். அனல்மின் நிலையம், ஆலைகள், பைக்குகள் விடும் புகையெல்லாம் அப்படியே தங்கும். பள்ளிகளில் காற்றின் தரத்தைக் காட்டும் வண்ணக் கொடி ஏற்றுவார்கள். சிவப்பு என்றால் குழந்தைகளை வெளியே விளையாட விடமாட்டார்கள். வீட்டில் ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வாங்கிவிடுங்கள்.

வெடிப்பு: 2014 ஜூலை 31 நள்ளிரவு. பெட்ரோ கெமிக்கல் ஆலைக்குப் புரோப்பிலீன் என்ற எரியும் வாயுவைக் கொண்டுபோகும் குழாய், சாலைக்கு அடியிலுள்ள மழைநீர்க் கால்வாய்க்குள் தொங்கியபடி போனது. ஈரத்தில் அரித்துக் கசிந்தது. ராத்திரி ஒன்பது மணிக்கு முன்பே வாசனை வருகிறது என்று ஜனங்கள் போன் செய்திருக்கிறார்கள். எந்தக் குழாய், யாருடையது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே, பன்னிரண்டுக்குச் சற்று முன் கால்வாய் முழுக்க வெடித்து, சியான்ஜென், லிங்யா பகுதிகளில் சாலைகள் கிலோமீட்டர் கணக்கில் பிளந்தன. 32 பேர் இறந்தார்கள், அதில் தீயணைப்பு வீரர்களும் உண்டு. 300 பேருக்கு மேல் காயம். நான் இங்கே வந்தபோது அந்தச் சாலைகளில் போட்ட புதுத் தார் இன்னும் கறுப்பாகவே இருந்தது. அதன் பிறகு குழாய்களின் வரைபடம், சோதனை, கட்டணம் என்று விதிகள் இறுகின.

வீடு பார்க்கும்போது தெற்கே சியாவ்காங்கின் ஆலைப் பக்கம் வேண்டாம். அங்கே தாலின்பு என்று ஒரு பழைய மீனவர் குடியிருப்பு இருக்கிறது, சுற்றிலும் நூற்றுக்கணக்கான புகைபோக்கி. ஊரையே வேறிடத்துக்கு மாற்றுவது பற்றிப் பல வருடமாகப் பேச்சு நடக்கிறது. பக்கத்து ஹோங்மாவ்காங் கிராமத்தை 2007இல் அப்படித்தான் காலி செய்தார்கள். குழந்தையோடு வருகிறவர்கள் பெரும்பாலும் ட்சோயிங், குஷான் பக்கம் எடுக்கிறார்கள். மெட்ரோவும் இருக்கிறது, பூங்காவும் இருக்கிறது.

ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். வடக்கே ஹோவ்ஜிங் என்ற இடத்தில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இருந்தது. 1987இல் அங்கே நாஃப்தா என்ற எண்ணெய்ப் பொருளை உடைத்துப் பிளாஸ்டிக் மூலப்பொருள் எடுக்கும் இன்னொரு அலகு கட்டப் போகிறோம் என்றதும் ஊர் ஜனங்கள் ஆலை வாசலை மறித்து உட்கார்ந்தார்கள். மூன்று வருடம். கடைசியில் அலகு வந்துவிட்டது, ஆனால் 25 வருடத்தில் மொத்த ஆலையையும் மூடுவோம் என்று அரசிடம் வாக்கு வாங்கினார்கள். நம் ஊரில் இருந்து வந்தவனுக்கு அந்த வாக்கை நம்புவது கஷ்டம். 2015 கடைசியில் நிஜமாகவே மூடினார்கள். அந்த நிலத்தைச் சுத்தம் செய்து, அதன் ஒரு பகுதியில்தான் இப்போது தைவானின் பெரிய சிப் நிறுவனமான டிஎஸ்எம்சியின் 2 நானோமீட்டர் சிப் ஆலை நிற்கிறது. உங்கள் கணவரின் மாற்றல் அதற்காகத்தான் என்றால், அவர் தினமும் நடக்கப்போவது அந்த மண்மீதுதான்.

கேள்வி (விருதுநகர்): அங்கே கரண்ட் போகுமா?

போகாது. போனால் தீவு முழுக்கப் போகும். 2021 மே, 2022 மார்ச், இரண்டு தடவையும் தீவெங்கும் மின்வெட்டு. இரண்டுக்கும் தொடக்கம் எங்கள் ஊர்ப் பக்கத்து மின்நிலையமும் துணைமின்நிலையமும்தான்.

கேள்வி (ஈரோடு): தைவானில் குப்பைத் தொட்டியே இல்லை, குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் என்கிறார்களே?

ஐஸ் வண்டி என்று நினைத்து முதல் நாள் கீழே ஓடியவன் நான். பீத்தோவனின் பியானோ இசையைக் கரகரவென்று ஒலிபெருக்கியில் போட்டுக்கொண்டு மஞ்சள் வண்டி வரும். குப்பை தரையைத் தொடக் கூடாது என்பது விதி. வண்டி வரும் நேரத்துக்கு நீங்களே மூட்டையோடு நின்று, கையால் எறிய வேண்டும். பின்னாலேயே மறுசுழற்சி வண்டி. சமையல் கழிவிலும் இரண்டு வகை: பச்சைக் காய்த்தோல் உரத்துக்கு, சமைத்த மிச்சம் தனியாக. 2025 வரை அது பன்றித் தீவனத்துக்குப் போனது.

எங்கள் தெருவுக்கு மாலை ஏழேகாலுக்கு வரும். தெருவில் யார் யார் இருக்கிறார்கள் என்பதே அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியும். குழாயடி மாதிரி. யார் வீட்டில் மருமகள் வந்திருக்கிறாள், எந்தப் பட்டறையில் ஆள் எடுக்கிறார்கள், எல்லாம் அங்கே கிடைத்துவிடும். ஷிப்டு வேலைக்காரர்களுக்குத்தான் கஷ்டம். நான் இரவு ஷிப்டில் இருந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி என் மூட்டையை எறிந்துவிடுவார். பதிலுக்கு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தண்ணீர் கேன் தூக்கிவருவேன். ஆமாம், இங்கேயும் கேன் தண்ணீர்தான். குழாய்த் தண்ணீர் கடினம் என்று நிறையப் பேர் காசு போட்டால் தண்ணீர் ஊற்றும் நிலையத்தில்தான் பிடிக்கிறார்கள். விருதுநகர்க்காரர் இதைக் கேட்டு ஆறுதல் அடையலாம்.

கேள்வி (கும்பகோணம்): சைவம் சாப்பிடுகிறவன் பிழைக்க முடியுமா?

பிரமாதமாகப் பிழைக்கலாம். ஆசியாவில் நமக்கு வெளியே இவ்வளவு சுலபமான இடம் இல்லை என்பேன். பௌத்த, தாவோ வழக்கப்படி சைவம் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். கடைப் பலகையில் ஸ்வஸ்திகா குறி இருந்தால் சைவக் கடை. "சூ ஷி" என்று கேட்டால் காட்டிவிடுவார்கள். தட்டில் நாமே எடுத்துப் போட்டுக்கொண்டு எடை போட்டுக் காசு கொடுக்கும் கடை எல்லாப் பேட்டையிலும் உண்டு. அவர்களுடைய கண்டிப்பான சைவத்தில் வெங்காயம், பூண்டும் கிடையாது. உங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தைரியமாகக் கூட்டிவரலாம். ஊருக்கு வெளியே தாஷூவில் ஃபோகுவாங்ஷான் மடம் இருக்கிறது, 1967இல் தொடங்கியது. அங்கே போனால் சாப்பாட்டோடு ஒரு நாளும் போய்விடும்.

ஒரே எச்சரிக்கை, கோழி, மீன் மாதிரியே சோயாவில் செய்து வைப்பார்கள். பார்த்துப் பயப்பட வேண்டாம்.

அசைவர்களுக்கு: காலையில் பாற்கெண்டை மீன் போட்ட கஞ்சி சாப்பிடுங்கள். கங்ஷானில் ஆட்டுக்கறிச் சட்டி. கடற்கரைக்காரன் சொல்கிறேன், மீனில் இந்த ஊரைக் குறை சொல்ல முடியாது. அப்புறம் பழக்கடையில் தக்காளியை வெட்டி, இஞ்சியும் சர்க்கரையும் கலந்த சோயாக் குழம்பில் தொட்டுச் சாப்பிடும் ஒரு தெற்கத்திப் பழக்கம் உண்டு. முதல் வாயில் என்ன கொடுமை என்று தோன்றும். மூன்றாவது வாயில் இன்னொரு தட்டு கேட்பீர்கள்.

முருங்கைக்கீரை கிடைக்குமா என்று தனியாக நான்கு பேர் கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். பிலிப்பைன்ஸ்காரர்களும் அதை விரும்பிச் சாப்பிடுவார்கள், அவர்கள் போகும் கடைகளில் கேளுங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): பைக் ஓட்டலாமா?

ஓட்டாமல் இருக்க முடியாது. எல்லோரும் ஸ்கூட்டர்தான், கியர் வண்டி அபூர்வம். சாலையில் வலது பக்கம் ஓட்ட வேண்டும். பெரிய சந்திப்பில் நேராக இடது பக்கம் திரும்பக் கூடாது. நேரே போய், எதிர் மூலையில் வரைந்திருக்கும் கட்டத்தில் நின்று, அந்தப் பக்கத்துப் பச்சை விழுந்ததும் போக வேண்டும். வந்த புதிதில் நான் இரண்டு முறை தண்டம் கட்டினேன். இரண்டும் என் தப்புதான், கேமரா பொய் சொல்லாது.

கேள்வி (ராமநாதபுரம்): சார், தைவான் பேக்டரி வேலை, மாசம் எண்பதாயிரம் ரூபாய், மூன்று லட்சம் கட்டு என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார். கட்டலாமா?

தம்பி, இன்றைக்குப் பணம் கட்டாதே.

இந்தியாவும் தைவானும் தொழிலாளர் அனுப்புவது பற்றி 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டன, அது உண்மை. அதைக் காட்டித்தான் எல்லா ஏஜெண்டும் பேசுகிறான். ஆனால் அந்த வழியில் வந்த ஒரு தமிழ்ப் பையனை நான் எந்தப் பட்டறையிலும் இதுவரை பார்த்ததில்லை. முதலில் அவருடைய உரிம எண்ணை வெளியுறவுத் துறையின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார். எண் தர மாட்டேன் என்றால் அங்கேயே எழுந்து வந்துவிடு. "முதலில் டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்றால் அது பொய்.

கணக்கையும் பார். 2025இல் இங்கே குறைந்தபட்ச மாதச் சம்பளம் 28,590 தைவான் டாலர். நம் காசில் எண்பதாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் முன்னே பின்னே வரும், அந்த அளவில் ஏஜெண்ட் சொன்னது சரி. ஆனால் அவர் சொல்லாதது பிடித்தங்கள்: காப்பீடு, வரி, தங்குமிடம், சாப்பாடு. அதற்கு மேல் இங்குள்ள தரகருக்கு மாதாமாதம் சேவைக் கட்டணம், முதல் வருடம் மாதம் 1,800 தைவான் டாலர் வரை. ஓவர்டைம் இருந்தால்தான் மிச்சம் பார்க்கலாம். முதல் இரண்டு மணி நேரத்துக்கு வழக்கமான மணிநேரச் சம்பளத்தோடு மேலும் அதில் மூன்றில் ஒரு பங்கு தர வேண்டும் என்பது சட்டம்.

எங்கள் பட்டறையின் வியட்நாம் பையன்களில் பலர் வந்த முதல் வருடச் சம்பளத்தை ஊர்க் கடனுக்கே அனுப்புகிறார்கள். 2005இல் இந்த ஊர் மெட்ரோவைக் கட்டிய தாய்லாந்துத் தொழிலாளர்கள், தங்கவைத்த விதம் பொறுக்காமல் கங்ஷானில் கலகமே செய்தார்கள். நாடே அதைப் பற்றிப் பேசியது, அமைச்சர் வரை பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. ஆனாலும் கடன் வாங்கி வருகிறவன் கையைக் கட்டிக்கொண்டுதான் வருகிறான். ஐ.டி.ஐ. முடித்திருக்கிறாயா, என்ன பிரிவு என்று எழுது. அதை வைத்துப் பேசலாம்.

கேள்வி (சிவகாசி): அங்கே ஆயுத பூஜை மாதிரி ஏதாவது உண்டா?

உண்டு, வருடத்தில் ஒரு நாளோடு முடிவதில்லை. சீன மாதம் இரண்டாம் தேதியும் பதினாறாம் தேதியும் கடை, பட்டறை வாசலில் மேசை போட்டு, பழமும் பிஸ்கட்டும் வைத்து, காகிதப் பணம் எரிப்பார்கள். வருடக் கடைசிப் பதினாறுக்கு முதலாளி எல்லோருக்கும் விருந்து போட்டுக் குலுக்கலில் பரிசு தருவார். எனக்குப் போன தடவை வந்தது ஒரு அரிசி குக்கர். மூன்றாவது குக்கர்.

இதைவிட வேடிக்கை, "குவாய் குவாய்" என்று ஒரு மக்காச்சோளச் சிப்ஸ். பெயருக்கு "சமர்த்தாக இரு" என்று அர்த்தம். அதை இயந்திரத்தின் மேல் வைத்தால் இயந்திரம் மக்கர் பண்ணாதாம். பச்சைப் பாக்கெட்டாக இருக்க வேண்டும், ஏனென்றால் பச்சை விளக்கு எரிந்தால் ஓடுகிறது என்று பொருள். காலாவதி ஆகியிருக்கக் கூடாது, யாரும் தின்றுவிடக் கூடாது. கோடிக்கணக்கில் விலையுள்ள சர்வர் மேலும் பார்க்கலாம், என் கடினத்தன்மை சோதிக்கும் கருவி மேலும் பார்க்கலாம். நான் அதன் பக்கத்தில் ஒரு குங்குமப் பொட்டும் வைத்திருக்கிறேன். யாரும் ஏன் என்று கேட்டதில்லை. பாதுகாப்பு இரட்டிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கேள்வி (புதுச்சேரி): ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்?

குஷானிலிருந்து சீஜினுக்குப் படகு. ஸ்கூட்டரோடு ஏறலாம். துறைமுகத்தில் பழைய கிடங்குகளைக் கலைக்கூடமாக்கிய இரண்டாம் துறை என்ற இடம் உண்டு, மாலையில் பட்டம் விடலாம். அதை ஒட்டி டிராம் ஓடுகிறது. தலைக்கு மேல் மின்கம்பி இல்லாமல், நிலையத்தில் நிற்கும்போதே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும். 2024 முதல் ஊரை முழு வட்டமாகச் சுற்றிவருகிறது. ஷோஷான் குன்றுக்குப் போனால் குரங்குகள் கையில் இருப்பதைப் பிடுங்கும், சுருளிமலைக் குரங்குகள் தோற்றுவிடும்.

ஊர் நடுவில் ஓடும் ஆற்றுக்குக் காதல் ஆறு என்று பெயர். அந்தப் பெயரோடேயே பல வருடம் கூவம் மாதிரி நாறிக்கிடந்தது. சாக்கடை ஆற்றில் சேரும் முன்பே மறித்துத் திருப்பி, அப்புறம் வீடு வீடாகப் பாதாளச் சாக்கடை இணைப்புக் கொடுத்து, இருபது வருடத்துக்கு மேல் எடுத்துத் தேற்றினார்கள். இப்போது கரையில் உட்கார்ந்து காபி குடிக்கலாம். குளிக்கச் சொல்ல மாட்டேன்.

கேள்வி (இலங்கை, யாழ்ப்பாணம்): சனங்கள் எப்பிடி? மொழி தெரியாமல் சமாளிக்கலாமோ?

வடக்கைவிட இங்கே ஆட்கள் சத்தமாகப் பேசுவார்கள், சீக்கிரம் ஒட்டிக்கொள்வார்கள். பள்ளியிலும் அலுவலகத்திலும் மாண்டரின், பட்டறையிலும் சந்தையிலும் தைவானிய மொழி. மாண்டரின் இல்லாமல் தொழிற்சாலை வேலை கடினம், மூன்று மாதம் உட்கார்ந்து படித்துவிடுங்கள். ஆனால் ஆளைப் பிடிப்பது தைவானிய மொழிதான். "ஜியா பா ப்வே?" என்று கேட்பார்கள். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். நம் ஊரில் மாதிரியே, அதற்குப் பதில் "ஆச்சு" மட்டும்தான். பசிக்கிறது என்று நான் ஒரு தடவை உண்மையைச் சொல்லி, ஒரு குடும்பத்தின் மதியச் சாப்பாட்டைத் தாமதப்படுத்தியிருக்கிறேன்.

பாக்கும் வெற்றிலையும்கூட உண்டு. சுண்ணாம்பு தடவிய வெற்றிலையில் பச்சைப் பாக்கை முழுதாகச் சுற்றி விற்பார்கள். லாரி ஓட்டுநர்களும் ஷிப்டுக்காரர்களும் தூக்கம் வராமல் இருக்கப் போடுவது. இங்கே அது மங்கலப் பொருள் இல்லை, வாய்ப்புற்றுநோய்க்குக் காரணம் என்று அரசாங்கம் துரத்துகிறது. கல்யாணத்துக்குத் தாம்பூலம் கொடுப்போம் என்று சொன்னபோது என் மேலாளர் என்னைப் பார்த்த பார்வை!

மறுபடி கோவைக்காரர்: ரொம்ப நன்றி தம்பி. ஒன்றே ஒன்று. மூடும் பட்டறைகளில் கம்பிக்குத் தலை அடிக்கும் பழைய ஹெட்டிங் மெஷின் மலிவாகக் கிடைக்குமா?

கிடைக்கும் சார். எங்கள் வீதியிலேயே இரண்டு பட்டறை வாசலில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். ஆனால் மெஷினை மட்டும் வாங்காதீர்கள். அதற்கான அச்சுகள் எத்தனை கிடக்கின்றன, அச்சு செய்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்க வேண்டும். உங்களுக்கு எந்த விட்டத்துக் கம்பி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை வேண்டும் என்று எழுதுங்கள். சனிக்கிழமை அரை நாள் ஷிப்டுதான், முடிந்ததும் அந்தப் பட்டறைக்காரர்களைப் போய்ப் பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டே போகிறேன்.